சீனியம்மாளின் அக்கி

மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் சீனியம்மாள் திருவண்ணாமலைக்குப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டாக வேண்டும். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் உள்ள மலை. ராஜபாளையத்தில் அவள் குடியிருந்த வளவில் இது எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகி நாலு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, அதனால் நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று மாமியார் சுந்தரம்மாளே வீடு வீடாகச் சொல்லிவைத்திருந்தாள். மருமகளின் பக்தியில் அவளுக்கு ஏகப் பெருமை.

உள்விவகாரம் வேறு. மலையடிவாரத்தில் தேங்காய்க் கடைக்குப் பக்கத்தில் தோளில் ரெக்சின் பையோடு காசிராஜன் நின்றுகொண்டிருப்பார். அவர் எங்கள் ஆள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த தொழுநோய்ச் சிகிச்சை மையத்தின் களப்பணியாளர். சீனியம்மாள் வந்ததும் மாத்திரை அட்டையை எடுத்து, அன்றைக்கு விழுங்க வேண்டியதைத் தன் கண்ணெதிரே விழுங்கச் சொல்லிவிட்டு, மாதத்துக்குரிய மீதியைக் கையில் கொடுப்பார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, நிஜமாகவே படியேறிச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். "பொய் சொல்லிட்டு வந்ததுக்கு அம்புட்டாவது செய்யணும்லா" என்பாளாம்.

அந்த மையத்தில் நான் லேப் டெக்னீசியன். இந்த ஏற்பாடு எனக்கு அடியோடு பிடிக்கவில்லை. நோய்க்கு மருந்து தின்பதற்குப் பெருமாள் எதற்கு இடைத்தரகர் என்று காசிராஜனிடம் சண்டை போட்டிருக்கிறேன். "மாத்திரை உள்ள போகுதுல்லக்கா, விடுங்க" என்பார் அவர். எங்கள் டாக்டர் ஜெய்னுலாப்தீனும் அதையேதான் சொன்னார். இரண்டு ஆம்பிளைகள் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டால் நான் என்ன பேசி என்ன ஆகப்போகிறது?

சீனியம்மாளை முதலில் பார்த்தது 1991-இல். அவள் வேலைபார்த்த பஞ்சாலையில் தோல் பரிசோதனை முகாம் நடத்தினோம். பெண்களைப் பார்த்தது நான். அவளுடைய வலது முன்கையில் செம்பு நிறத்தில் ஒரு படை இருந்தது. வலது கன்னத்தில் அதேபோல் மங்கலாக இன்னொன்று. தோலை லேசாகக் கீறிக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கிருமி இருந்தது. விஷயத்தைச் சொன்னபோது மற்றவர்கள் கேட்கிற கேள்வி எதையும் அவள் கேட்கவில்லை. செத்துப்போவேனா, யார் பாவம், எங்கிருந்து வந்தது, ஒன்றும் இல்லை.

"கை மடங்கிருமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்குக் கோன் வைண்டிங் பிரிவில், கூம்புக் கட்டையில் நூல் சுற்றுகிற வேலை. நூல் ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்தால் இரண்டு நுனியையும் பிடித்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓடவிட வேண்டும். மற்றவர்கள் நுனியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சீனியம்மாள் முடிச்சையே போட்டு முடித்திருப்பாள். தேவதானத்தில் நாலு பெண்களோடு பிறந்து, களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். மில்லில் சேர்ந்த பிறகுதான் தன்னை ஒரு ஆளாக மதிக்கிறார்கள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தக் கை போனால் அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

"மாத்திரையை விடாமச் சாப்பிட்டா மடங்காது" என்றேன். சாப்பிடவும் செய்தாள். அந்த மாத்திரைகளில் ஒன்று தோலைக் கறுக்கவைக்கும். மருமகள் கறுத்துப்போனதைப் பார்த்துச் சுந்தரம்மாள், "மலையேறி மலையேறி எம்புட்டு வாடிப்போனா பாருங்க" என்று அக்கம்பக்கத்தில் உருகியிருக்கிறாள். எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் சீனியம்மாளின் கன்னம் சிவந்து தடித்துப்போயிருந்தது. முன்கையில் இருந்த படையும் அப்படியே. நெருப்பை அள்ளிக் கொட்டியதுபோல எரிச்சல். சுந்தரம்மாள் பார்த்தாள், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அக்கிடி இது. வெயிலு குடிச்சிருக்கு. வேளாரைக் கூட்டியாரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் வைத்தியரிடம் போகமாட்டார்கள். மண்பானை வனையும் வேளாரிடம்தான் போவார்கள். அவர் செங்காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் சிவந்த இடத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, உள்ளே நிரப்பி எழுதுவார். மூன்று நாள் காலையில் எழுத வேண்டும். அதுவரைக்கும் உப்பு, புளி சேர்க்கக்கூடாது, தலைக்கு ஊற்றக்கூடாது, இங்கிலீஷ் மருந்தை நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது. சமுத்திரம் வேளார் வந்தார், பார்த்தார், அக்கிதான் என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிவப்பு, தடிப்பு, எரிச்சல் என்று வெளியே தெரிந்ததெல்லாம் அக்கிக்கு உரியதுதான்.

சீனியம்மாளுக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியும். இது அந்த நோயின் படை இருந்த அதே இடம். ஆனால் மாத்திரைதான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் இப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்தாள். அதைவிட இன்னொன்று. அக்கி என்ற பேர் அவளுக்கு வசதியாக இருந்தது. அக்கி வந்தவளை யாரும் ஒதுக்குவதில்லை. வளவுப் பெண்கள் இளநீரும் நுங்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று நாளில் அடங்கவில்லை என்றதும் வேளார் இன்னொரு சுற்று எழுதினார். பிறகு இன்னொன்று. மாத்திரை அட்டை, ஒளித்துவைத்த அரிசிப் பானைக்குள்ளேயே தொடாமல் கிடந்தது.

அந்த மாதத்துச் சனிக்கிழமை காசிராஜன் சாயங்காலம்வரை தேங்காய்க் கடையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. "வரலைக்கா. நான் வீட்டுக்குப் போனா குட்டு உடைஞ்சிரும். நீங்க போனா மில்லுல கூட வேலைபாக்கிறவன்னு நெனச்சுக்கிடுவாக" என்றார். இதற்குத்தான் அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேன் என்று அவரை நாலு வார்த்தை ஏசிவிட்டு, மறுநாளே ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் சீனியம்மாள் மட்டும்தான் இருந்தாள். பாதி முகம் செங்காவி. அதற்கு அடியில் கன்னம் வீங்கிப்போய்ப் பளபளவென்று இருந்தது. என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினாள்.

"அக்கிக்கா" என்றாள், எனக்கே.

"எங்கிட்டயுமா? கையைக் காட்டு."

முழங்கையின் உள்பக்கம் விரலை வைத்தேன். அங்கே ஓடுகிற நரம்பு கயிறுபோலத் திரண்டிருந்தது. லேசாகத் தொட்டதற்கே துள்ளிக் கையை இழுத்துக்கொண்டாள். சுண்டுவிரலை நீட்டச் சொன்னேன். நீட்டியதாகத்தான் அவள் நினைத்தாள். அது பாதி மடங்கியே நின்றது.

"வேளார் எழுதறப்ப மோவாயில இறகு பட்டா ஈரம் தெரியுதுக்கா. கன்னத்துல எழுதறாரா நிறுத்திட்டாரான்னே தெரியல" என்று மெதுவாகச் சொன்னாள்.

"அக்கின்னா எரியும், மரத்துப்போகாது. தெரிஞ்சுக்கிட்டே படுத்துக் கிடந்தியா? இப்பவே கெளம்பு, டாக்டரைப் பாக்கலாம்."

"வரலைக்கா. அக்கின்னா பத்து நாளு. நீங்க சொல்ற பேரைச் சொன்னா ஆயுசுக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன், அங்கே காவி இருந்ததால் விட்டேன். இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல, ஒவ்வொரு நாளும் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்த பாஷையில் எல்லாம் சொன்னேன். வாசலில் சுந்தரம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டதும், "மோர் குடிச்சிட்டுப் போங்கக்கா" என்று பேச்சை மாற்றிவிட்டாள். மோரைக் குடித்துவிட்டு வந்துசேர்ந்தேன்.

அடுத்த வாரம் அவள் காவிக் கன்னத்தோடேயே வேலைக்குப் போயிருக்கிறாள். மதியத்துக்குமேல், ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக் கோனில் சிவப்பாகச் சுற்றிக்கொண்டு போவதைப் பக்கத்து மெசின்காரி பார்த்துக் கத்தியிருக்கிறாள். நூல் சீனியம்மாளின் சுண்டுவிரலை எலும்புவரை அறுத்திருந்தது. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்த பிறகுதான் அது தன் விரல் என்று தெரிந்தது. சூப்பர்வைசர் கோன் வீணாய்ப்போனதற்குத் திட்டினார். அவள் துணியைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல், நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். லேப் வாசலில் அவளைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டவில்லை.

டாக்டர் ஜெய்னுலாப்தீன் அவளை உட்காரவைத்துப் பேசினார். அவருக்கு அவசரமே வராது.

"மாத்திரை கெடுதல் பண்ணலைம்மா. அது கிருமியைக் கொல்ல ஆரம்பிச்சிருச்சு. இத்தனை வருஷமா கிருமியைக் கண்டுக்காம இருந்த உடம்பு இப்பத்தான் முழிச்சிருக்கு. ரத்தத்துல வெள்ளை அணுன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் கிருமியோட சண்டை போடறது. ஆனா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ரத்தக்குழாயும் தோலும் ஒரு ஒட்டுப்பொருளை வெளிய நீட்டினாத்தான் அது பிடிச்சு நின்னு உள்ள இறங்கும். உங்க தோல் இப்ப அந்த ஒட்டுப்பொருளைக் கண்டமேனிக்கு நீட்டிக்கிட்டிருக்கு. அணுவெல்லாம் கூட்டம் கூட்டமா இறங்குது. அதான் இந்தச் சிவப்பு."

சீனியம்மாள் இடது கையால் நூலை இழுப்பதுபோலக் காட்டினாள். "எங்க மெசின்ல நூல் ஓடுற கெய்டு வழவழன்னு இருக்க வரைக்கும் ஒண்ணும் தங்காதுங்கய்யா. சொரசொரப்பாச்சுன்னா பஞ்செல்லாம் வந்து அப்பிக்கிடும். அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட அதான். ஆனா இங்க உடம்பே வேணும்னு சொரசொரப்பாக்கிக்கிடுது."

"அப்ப நல்லதுதானய்யா?"

"கிருமியை ஒழிக்க நல்லது. ஆனா கிருமி நரம்புக்குள்ளயும் இருக்கு. சண்டை அங்க நடந்தா நரம்பு நசுங்கிரும். கொஞ்சம் முந்தி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "சரி. சண்டையைத் தணிக்க வேற மாத்திரை தாரேன், மூணு மாசம். பழைய மாத்திரையும் நிக்கக்கூடாது. முழங்கையை மடக்காம பஞ்சு வச்சுக் கட்டி, கழுத்துல தொங்கப் போட்டுக்கிடணும்."

அவள் தன் முந்தானையைப் பார்த்தாள். "இதை ஒளிக்க முடியாதேய்யா."

"முடியாது."

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். அந்த ஒட்டுப்பொருள் தோலில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைச் சென்னைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சண்டை நடக்கும்போது ஒரு மிளகளவு தோல், தணிந்த பிறகு ஒரு மிளகளவு வேண்டும். கொடுக்க விருப்பம் இல்லையென்றால் வேண்டாம், வைத்தியம் ஒன்றும் குறையாது என்றார். அவள் முன்கையை நீட்டினாள். "எடுத்துக்கிடுங்க. என்னன்னு எனக்கும் சொல்லணும்" என்றாள். மரக்கவைக்கும் ஊசி போட்டு டாக்டர் எடுத்தார். நான் அதைத் திரவத்தில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினேன்.

கட்டுப் போட்டு முடித்ததும், "வீடு வரைக்கும் வாரீகளாக்கா?" என்று கேட்டாள். போனேன்.

சுந்தரம்மாள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கணவன் பால்பாண்டி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலைபார்த்தான்; அன்றைக்குச் சீக்கிரம் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டைப் பார்த்து இரண்டு பேரும் பதறிப்போய் எழுந்தார்கள். சீனியம்மாள் தொட்டியில் தண்ணீர் மொண்டு, இடது கையால் முகத்தைத் தேய்த்துக் கழுவினாள். காவி வழிந்து சேலையெல்லாம் ஆனது.

"ஏட்டி, எழுதினதைக் கழுவக் கூடாதுட்டி!" என்று கத்தினாள் மாமியார்.

"இது அக்கி இல்ல, அத்தை. குஷ்டம். ஆறு மாசமா மருந்து திங்கேன். மலைக்குப் போனது அதுக்குத்தான்."

நான் என்னென்னவோ எதிர்பார்த்துக்கொண்டு போயிருந்தேன். சுந்தரம்மாளின் வாயில் முதலில் வந்தது இதுதான்: "பெருமாளை வச்சாட்டி என்னை ஏமாத்தினே?" அதன் பிறகுதான் நோயின் பேர் அவளுக்கு உறைத்தது. இரண்டு எட்டுப் பின்னால் போய், தண்ணீர்க் குடத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

பால்பாண்டி என்னைப் பார்த்து, "தொத்துமா?" என்று கேட்டான்.

"மாத்திரை சாப்பிடறா, இனிமே தொத்தாது. ஆனா கூட இருந்தவங்கன்னு நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை வந்து உடம்பைக் காட்டிரணும்."

"எனக்கா? எங்க குடும்பத்துல அப்படி ஒருத்தனுக்கும் கெடையாது" என்றான். மறுநாள் காலையில் தாயும் மகனும் சத்திரப்பட்டிக்குப் போய்விட்டார்கள். சீனியம்மாளை அவர்கள் வெளியே போகச் சொல்லவில்லை, தாங்கள் போய்க்கொண்டார்கள். அதில் என்ன மரியாதை இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அந்த மூன்று மாதமும் அவள் தனியாக ஒற்றைக் கையால் சமைத்துச் சாப்பிட்டாள். காசிராஜன் இப்போது நேராக வீட்டுக்கே போய் மாத்திரை கொடுத்தார். சிவப்பு வாரத்துக்கு வாரம் வடிந்தது. கட்டை அவிழ்த்து விரல்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம். கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் கையில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வேன். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் ஒழுங்காக இருந்தன. மோதிரவிரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சுண்டுவிரல் வரவேயில்லை. மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது.

இரண்டாவது தோல் துண்டையும் அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து டாக்டருக்கு இரண்டு போட்டோ வந்தது. ஒட்டுப்பொருள் இருக்கிற இடம் காப்பிப்பொடி நிறத்தில் தெரியும்படி சாயமேற்றியிருந்தார்கள். முதல் படத்தில் மேல்தோல் முழுக்கக் கரையாகப் பிடித்திருந்தது, அதற்குக் கீழே அணுக்கள் மொய்த்துக்கிடந்தன. இரண்டாவதில் அந்த நிறம் அங்கங்கே லேசாகத்தான் இருந்தது. அவள் கேட்டிருந்தபடியே டாக்டர் அவளிடம் காட்டினார். அவள் இரண்டையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தாள்.

"என் தோல் நல்லாத்தான் சண்டை போட்டிருக்கு" என்றாள். பிறகு, "நான்தான் படுத்துக் கெடந்தேன்" என்றாள். எனக்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. வெளியே போய்க் குழாயடியில் நின்றுவிட்டு வந்தேன்.

மில்லுக்குத் திரும்பினாள். முதலில் சாப்பாட்டு வேளையில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் நோயின் பேரைச் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். முடிச்சை மூன்று விரலால் போடப் பழகிக்கொண்டாள். பழைய வேகம் இல்லை, ஆனாலும் மற்றவர்களுக்குக் குறைவில்லை. அடுத்த மெசினில் நூல் அறுந்து திணறினால் போய் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவாள். மெல்ல மெல்லத் தூக்குச்சட்டிகள் பக்கத்தில் வந்து சேர்ந்தன.

1993-இல் மாத்திரை முடிந்தது. மறு வருஷம் மாம்பழக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டில் இருந்தேன். வாசலில் பால்பாண்டி ஒரு பை சப்பட்டை மாம்பழத்தோடு வந்து நின்றான்.

"எல்லாம் சரியாப்போச்சாமே. மில்லுல பாத்தவக சொன்னாக" என்றான்.

"சரியாப்போச்சு" என்றாள் சீனியம்மாள்.

"அம்மாவும் உன்னைக் கூட்டியாரச் சொல்லிட்டா. ஒண்ணே ஒண்ணுதான். யாரு கேட்டாலும் அன்னைக்கு வந்தது அக்கின்னே சொல்லிக்கிடுவோம். வேளார் எழுதினதைத்தான் எல்லாரும் பாத்தாகள்ல?"

அவள் வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்த விரலு எதனால போச்சு தெரியுமா? அந்த நோயால போகலை. அக்கின்னு சொல்லிக்கிட்டு இருந்ததால போச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க வாறதுன்னா வாங்க, நான் வேண்டாம்னு சொல்லலை. நாளைக்கு எனக்கு லீவு. நானும் வாரேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல அக்காகிட்ட உடம்பைக் காட்டிருங்க. எதுக்குப் போறேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க. பேரைச் சொல்லி."

"பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லித்தான்."

பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இவன் இனி எங்கே வரப்போகிறான் என்று நான் நினைத்தேன். சொல்லவும் சொன்னேன். அவள் மாம்பழத்தை நறுக்கி எனக்குக் கொடுத்தாள்.

மறுநாள் அவளோடு மையத்துக்கு வந்தான். சட்டையைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் நிறுத்தி முதுகு, நெஞ்சு, கை, கால் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். ராத்திரி பூராம் பேசலை. காலையில நானும் வாரேன்னு கெளம்பிட்டா. வெளிய நிக்கா."

சீனியம்மாள்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். சுந்தரம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எனக்கு முதுகுல வருசா வருசம் அக்கி வரும். எழுதுவேன், அமுங்கும், திரும்ப வரும். இது அக்கிதானான்னு பாத்துச் சொல்லிரு தாயி."

ரவிக்கையைத் தளர்த்தி உட்காரவைத்தேன். தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படை இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொடும்போது சொல்லுங்கள் என்றேன். பஞ்சைத் திரித்து, அதன் நுனியால் படையின் நடுவில் தொட்டேன். தள்ளித் தொட்டேன். இன்னும் தள்ளித் தொட்டேன்.

சுந்தரம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு செத்த நேரம் காத்திருந்தாள்.

"எப்பத் தாயி தொடுவே?" என்றாள்.

நான் பஞ்சைக் கீழே வைத்தேன். சீனியம்மாள் குனிந்து, மாமியாரின் இரண்டு கைகளையும் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். பத்தும் நேராக இருந்தன.

"தொட்டாச்சு, அத்தை" என்றாள். "பயப்படாதீக. நீங்க நேரத்துல வந்துட்டீக."